ஆறுமணிக்காரன்

கச்சான் ஓய்ந்து மூன்று நாள்.
கும்புறுப்பிட்டித் தவறணையில் பனங்கள்ளு முடிந்துவிட்டது.
இனிப் பாளை வரும்வரைக்கும்
போத்தல் கள்ளுத்தான் என்கிறான் குலவீரன்,
சாவீட்டுச் செய்தி சொல்பவன்போல் குரலைத் தாழ்த்தி.

நான் புல்மோட்டை பஸ் ஓட்டுகிறவன்.
மாதங்கள் எனக்குக் கலண்டரில் வருவதில்லை,
பக்கக் கண்ணாடியில் வரும்.

மாசியில் இறக்கக்கண்டிப் பாலம் ஏறினால்
களப்பின் நடுவில் யாரோ
ரோசாச் சேலையொன்றை விரித்துக் காயவிட்டதுபோல் பூநாரைகள்.
ஹோர்ன் அடித்தால் சேலை எழும்பிப் பறக்கும்.
அடிக்க மாட்டேன்.
ஒரேயொருநாள் அடித்தேன்.
விமலநாயகி முன் சீற்றில் இருந்தாள்,
அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.
"அதுகளைச் சாப்பிட விடுமன்" என்றவள்
திருகோணமலை பஸ் நிலையம் வரை வாய் திறக்கவில்லை.

பங்குனியில் கொண்டல் திரும்பும்.
முதல் முட்டி இறங்கும்.
காலை எட்டு மணிக்குக் கள்ளு
பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்பதுபோல் இருக்கும்.
பத்து மணிக்கு அது பேசத் தொடங்கும்,
மதியத்துக்குமேல் நாங்கள்.
பிளாவின் விளிம்பில் தேனீக்கள்,
நுரையில் விழுந்து, நீந்தி, ஏறி,
நேர்கோடு மறந்து பறக்கும்.
வேலிக் கம்பியில் பஞ்சுருட்டான் ஒன்று
எந்த அவசரமுமில்லாமல் காத்திருக்கும்.
வெறியேறிய தேனீயைப் பிடிக்க
அதற்குக் கழுத்தைத் திருப்பினாலே போதும்.
"அதுவும் எங்கட தவறணை ஆள்தான்" என்பான் குலவீரன்,
"என்ன, காசு தாறதில்லை."

ஆனி ஆடியில் மணல் எழும்பிக் கண்ணாடியில் அறையும்.
களப்பு வற்றி ஓரமெல்லாம் உப்பு.
தெருவோரக் கிரவலில் முட்டையிட்ட ஆட்காட்டி
ஒவ்வொரு பஸ்ஸையும் தனியாகத் திட்டும்.
கள்ளு காலையிலேயே புளித்துவிடும்.
அதுக்குச் சுட்ட பாரைக் கருவாடு,
பச்சை மிளகாய்,
சட்டை திறந்து காற்று.
போயா நாளில் தவறணை பூட்டு.
அன்றைக்கு நான் நல்லவன்.

விமலநாயகியிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது.
இடப்பக்கம் அவள் கண்ட பறவைகள், திகதியோடு.
வலப்பக்கம் என் கள்ளுக் கடன்.
எங்கள் பதினோரு வருடம் அதில் கிடக்கிறது.
வேறு யாரும் வாசித்தால் விளங்காது.

நேற்று இரவு ஏழரைக்கு,
போத்தலோடு நான் படலை திறக்க,
"லைற் போடாதேயும்" என்று குசினிக்குள்ளிருந்து குரல்.
வடக்கிலிருந்து கடல் தாண்டி வந்த ஒன்று
சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்திருக்கிறது.
கடகத்தால் மூடி வைத்திருந்தாள்.
"ஆறுமணிக்குருவி. உயிர் இருக்கு. தொடக் கூடாது."

பின்வாசல் படியில் இருட்டில் இருந்தோம்.
ஐப்பசியின் முதல் மழை கிடுகில் தட்டியது.
"எனக்கும் கொஞ்சம் வாரும்" என்றாள்.
பிளா இல்லை, சில்வர் ரம்ளரில் வார்த்தேன்.
ஒரு மிடறு குடித்து முகம் சுளித்து
"இதுக்கா இவ்வளவு கடன்?" என்றாள்.
கடகத்துக்குள் நகம் கீறும் சத்தம்.
இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினோம்.
பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

விடிய முதல் கடகத்தைத் தூக்கினாள்.
பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புக் கோடு,
வாலடியில் யாரோ குங்குமம் துடைத்த சிவப்பு.
இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்ட பயணிபோல்
எங்களை ஒருதரம் பார்த்தது.
இரண்டு தத்தல்.
நாவல் பற்றைக்குள் போய்விட்டது.

இன்று பின்னேரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து
செருப்புக் கழற்றும்போது கேட்டது:
இரண்டே சுரம், ஒன்று ஏறி ஒன்று இறங்கி.
மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்திரண்டு.
"எட்டு நிமிசம் முந்திக் கூப்பிடுறார்" என்றேன்.
"நேற்றுத்தானே வந்தவர்" என்றபடி
கொப்பியை விரித்தாள்,
திகதி போட்டாள்,
கொஞ்சம் யோசித்து
வலப்பக்கத்தில், என் கணக்குக்குக் கீழே,
தன் பெயரில் ஒரு ரம்ளர் எழுதினாள்.